சனிக்கிழமைத் தடிப்பு

ஏனுங்க, அந்த பிஸ்கட்ட மொதல்ல பைக்குள்ள வையுங்க. முன்னப்பின்ன தெரியாதவ இப்பிடிச் சொல்றாளேன்னு கோவிச்சுக்காதீங்க. கவருக்குப் பின்னாடி என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுப் பாத்தீங்களா? பொடி எழுத்துல போட்டிருப்பான். நெசமாலுமே நல்ல பொருளுன்னா எதுக்குங்க பொடி எழுத்துல போடறான்? அதுதான் நான் கேக்கறது.

உக்காருங்க, இந்தப் பக்கம் காத்து வரும். பொட்டப்புள்ளைங்களா? அட, கன்னம் ரெண்டும் செவசெவன்னு கெடக்குது. மொழங்கை மடிப்புலயும் இருக்குதா? கால் மடிப்புல? அப்ப கரப்பான்தானுங்க. இங்க அதுக்கு எக்ஸிமான்னு பேரு வெச்சிருக்கறாங்க. பேர மாத்திட்டா அரிப்பு நின்னுருமாக்கும். எங்க லிங்கேசுக்கும் இதே வயசுல, இதே எடத்துலதான் ஆரம்பிச்சுது. இப்ப அவனுக்கு நாலு முடிஞ்சுது.

உள்ள இருக்கறான். அதா, அந்த நீலக் கதவு. அவங்கப்பாவும் கூட இருக்கறாரு. முட்டை குடுக்கறாங்க. ஆமாங்க, முட்டைதான்! சரியாத்தான் கேட்டீங்க. ஒத்துக்காத புள்ளையக் கூப்புட்டு உக்கார வெச்சு, டாக்டரே முட்டை ஊட்டற அநியாயத்த எங்க போயிச் சொல்றதுங்க? கடுகத்தனை குடுக்கறது, சித்த நேரம் பாக்கறது, மறுக்கா கொஞ்சம் எச்சாக் குடுக்கறது. மேலுல தடிப்பு வருதா, ஒதடு வீங்குதா, மூச்சு எப்பிடி இருக்குதுன்னு ஒரு நர்சு பக்கத்துலயே நிக்குது. ஏதாச்சும் ஆச்சுன்னா போடறதுக்கு ஊசிமருந்து ட்ரேயில ரெடியா இருக்குது. அந்த ட்ரேயத்தான் நான் எட்டி எட்டிப் பாத்துட்டே இருந்தேன்.

நான் ஏன் வெளிய இருக்கறேன்னு கேக்கறீங்களா? தொரத்தி உட்டுட்டாங்க. பெத்தவளப் போயி! அவன் மூக்கச் சொறிஞ்சான், ஐயோ வந்துருச்சுன்னேன். கொட்டாவி உட்டான், மயக்கம் வருதுன்னேன். டாக்டரம்மா சிரிச்சுட்டே, ‘நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா, உங்களப் பாத்துத்தான் பையன் பயப்படறான்’ன்னாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கலீங்க. சும்மா சிரிக்கறவங்கள நான் நம்பறதில்ல.

இந்த டாக்டரம்மாவக் காட்டுனது ஆருன்னு நெனைக்கறீங்க? எங்க நங்கையாதான். எங்கூட்டுக்காரரோட அக்கா, சுகுணான்னு பேரு, பல்லடத்துல டீச்சரா இருக்கறாங்க. எனக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. இருந்தாலும் தம்பிக்கு போன் போட்டு, ‘கோயமுத்தூர்ல இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்கறாங்க, புள்ளைய அங்க கூட்டிட்டுப் போ’ன்னு சொல்லியிருக்கறாங்க. அவங்க காட்டுன டாக்டரு அவங்களுக்குச் சாதகமாத்தான சொல்லுவாங்க? நீங்களே சொல்லுங்க. போன தடவ வந்தப்ப டாக்டரம்மா வாயில நங்கையா பேரு எங்கியாச்சும் வருதான்னு கண்ணெடுக்காமப் பாத்துட்டிருந்தேன். வரவே இல்ல. அதுலதான் எனக்குச் சந்தேகம் எச்சாப் போச்சு. அத்தனை சூதானமா மறைக்கறாங்கன்னா உள்ள ஏதோ இருக்கோணுமல்லோ?

பாப்பா சொறியுது பாருங்க, கையப் புடிங்க. நெகத்த ஒட்ட வெட்டி உடுங்க. லிங்கேசும் இப்பிடித்தான். ராத்திரியெல்லாம் சொறிவான், காத்தால பாத்தா தலகாணி உறையில ரத்தம். அவன் தூங்கறானோ இல்லியோ, நான் தூங்க மாட்டேன். அவன் கையப் புடிச்சுட்டே உக்காந்திருப்பேன். பெத்த வயிறு, என்ன பண்றது?

ஆரம்பத்துல எல்லாருஞ் சொன்னாங்க, கரப்பான் பண்டத்தக் குடுக்காதன்னு. கத்திரிக்காய நிறுத்துனேன். கருவாட்ட நிறுத்துனேன். கொறையல. அப்புறம் ஒரு லேப்புல ரத்தம் எடுத்துப் பாத்தோம். எந்த டாக்டரும் எழுதித் தரலீங்க, போர்டு வெச்சிருந்தான், நானாத்தான் கூட்டிட்டுப் போனேன். முட்டை, பாலு, கோதுமை, கடலைப்பருப்புன்னு செவப்பு மசியில வரிசையாப் போட்டுக் குடுத்துட்டான். செவப்பு மசியப் பாத்தா எந்தத் தாயி நெஞ்சு தாங்கும்? அன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்திப் போட்டேன். அரிசிக் கஞ்சி, அரிசிப் பொரி, பீர்க்கங்காய். அவ்வளவுதான் எம்பையனுக்கு.

மெலிஞ்சு போனானான்னு கேக்கறீங்களா? மெலிஞ்சான்தான். இந்த டாக்டரம்மா அவன எடை மெசின்ல நிறுத்திப் பாத்துப்போட்டு, மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுட்டாங்க. ‘இவன் இப்பிடி ஆனது கரப்பானால இல்லம்மா, நீங்க நிறுத்துனதுனால. அந்த ரத்தப் பரிசோதனை சந்தேகத்தத்தான் சொல்லும், தீர்ப்பச் சொல்லாது. சாப்புட்டு ஒண்ணும் ஆகாத பண்டத்தக் கூட அது செவப்புல காட்டும்’ங்கறாங்க. அப்பிடியே, ‘கரப்பான் இருக்கற எல்லாக் கொழந்தைக்கும் சாப்பாடுதான் காரணம்னு இல்ல. நெறையப் பேருக்குத் தோலு காஞ்சு போறதுதான் கோளாறு, க்ரீம ஒழுங்காப் போட்டாலே அடங்கீரும்’ங்கறாங்க. கேட்டீங்களா? லேப்பு மெசினு பொய் சொல்லுதாமா, இவங்க நெசஞ் சொல்றாங்களாமா. ஆளக் கூட நம்பலாம், மெசின நம்பக் கூடாதுன்னு சொன்ன மொத டாக்டரு இவங்கதான்.

நானுஞ் சும்மா இருக்கலீங்க. கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திட்டுப் பாத்தேன். அவன் எங்க போயிட்டு வந்தாலும் வாய மோந்து பாப்பேன். பால்வாடி டீச்சருகிட்டக் கண்டிசனாச் சொல்லியிருந்தேன். பொறந்தநாளுன்னு எந்தப் புள்ளையாச்சும் மிட்டாய் குடுத்தா, எம்பையன் கைய டிராயர் பைக்குள்ள உட்டுட்டு நிப்பான். அப்பிடிப் பழக்கி வெச்சிருந்தேன். கோயில்ல பூசாரி பஞ்சாமிர்தத்த நீட்டுனா, அம்மா திட்டும்னு ஓடி வந்துருவான். பக்கத்து ஊட்டுக்கா சொவத்துக்கு மேல அப்பளம் நீட்டுவா. அந்தச் சொவத்துக்கு மேல ஒரு தகரத்த அடிக்கச் சொல்லி அவருகிட்ட ஒரே சண்டை. அடிச்சுட்டாரு.

இத்தனை காவலு இருந்தும் சனிக்கெழமையானா மேலு செவந்துக்கும்ங்க. மத்த நாளெல்லாம் ஒரு மாதிரி இருப்பான், சனிக்கெழமை தடிப்புத் தடிப்பா எந்திரிக்கும். கழுத்து, நெஞ்சு, முதுகு. அன்னிக்குப் பூராச் சொறிவான். அடுத்த நாளைக்கெல்லாம் அமுந்துரும். மறுக்கா சனிக்கெழமை வரும்.

சனிக்கெழமை ஆரு எங்கூட்டுக்கு வர்றது? நங்கையா! பள்ளிக்கொடம் லீவு, பஸ் ஏறி அவினாசிக்கு வந்துருவாங்க. பொறந்த ஊடு பாருங்க, உரிமை. நான் முடிச்சுப் போட்டுட்டேன். சிலபேருக்கு மூள லேட்டா வேலை செய்யும், எனக்கு அப்பிடியில்ல. அவங்க வராத சனிக்கெழமையுஞ் செவக்குந்தான். அப்ப அது பக்கத்து ஊட்டுக்கா வேலை. அதுக்குத்தான் தகரம்.

எம்பக்கத்துச் சொந்தத்துல ஒரு குத்தஞ் சொல்ல முடியாதுங்க. எங்கப்பா வெள்ளக்கோயில்ல மரச்செக்கு வெச்சிருக்கறாரு. மூணு ஊருக்கு எண்ணெ போகுது. பேரனுக்குன்னா தனியா எள்ளுப் பொறுக்கி, கல்லு மண்ணு பாத்து, கருப்பட்டி போட்டு அவரே நின்னு ஆட்டுவாரு. ஒரு சொட்டுக் கலப்படம் இருக்காது. ‘அம்மிணி, பையனுக்கு எண்ணெ தீந்துச்சா?’ன்னு கேக்காம போன வெக்க மாட்டாரு. சனிக்கெழமை ஆம்பளப் புள்ளைக்கு எண்ணெ தேச்சுத் தண்ணி வாக்கோணுமல்லங்க. தலையில ஆரம்பிச்சு உள்ளங்கால் வரைக்கும், புண்ணு இருக்கற எடத்துல எச்சாவே வெச்சு, நல்லா ஊற வெச்சு, அப்புறந்தான் சுடுதண்ணி. மேலு எரியறவனுக்கு அந்தக் குளுமையாச்சும் வேண்டாமா? இவ்வளவு கஷ்டத்துலயும் அந்த ஒண்ண மட்டும் நான் உட்டதே இல்ல.

பையன் ஓடுவான், அது வேற கதை. பாட்டிலக் கண்டாப் போதும், கட்டலுக்கு அடியில பூந்துக்குவான். கடிக்குது, கடிக்குதும்பான். எந்தப் புள்ள எண்ணெ தேக்கறதுக்கு ஒழுங்கா உக்காந்துச்சு? நானுஞ் சின்ன வயசுல ஓடுனவதான். காலு ரெண்டையும் இடுக்கிப் புடிச்சுட்டுத் தேப்பேன். எங்கூட்டுக்காரரு, ‘உடேன், அழுகறான்’ம்பாரு. அவருக்கென்ன, பனியன் கம்பெனிக்குப் போறவரு. புள்ள வளக்கறது நானல்லோ?

பையனுக்குப் பெரிசா வந்த அன்னிக்கும் சனிக்கெழமைதான். நங்கையா காத்தாலயே வந்துட்டாங்க. நான் லிங்கேசு ஒடம்பு பூரா எண்ணெ வெச்சு, வெயில் படற மாதிரி வாசப்பக்கம் உக்கார வெச்சுப்போட்டு, தண்ணி காய வெக்கப் போனேன். போனவ, சரி அப்பிடியே துணிய ஊற வெச்சுரலாம்னு ஊட்டுக்குப் பின்னால பொறவடைக்குப் போயிட்டேன். கொஞ்ச நேரந்தானுங்க. திடீர்னு நங்கையா கத்தற சத்தம். ஓடி வந்து பாத்தா…

இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்.

கண்ணு ரெண்டும் மூடிப்போச்சுங்க. ஒதடு இத்தனை தண்டி. மேலெல்லாம் தடிப்பு. இருமறான், மூச்சு இழுக்குது. எம்பையனா இதுன்னு எனக்கே அடையாளந் தெரியல. அவன் ‘அம்மா’ன்னு கூப்புட்டான், சத்தம் கம்மிப்போயி வந்துச்சு. அந்தக் கொரலு இன்னும் காதுக்குள்ள இருக்குது. புள்ள போயிட்டான்னே நெனச்சேன். அங்கியே உக்காந்துட்டேன். நங்கையாதான் அவனத் தூக்கிட்டு ஆட்டோவப் புடிச்சது. அவினாசி ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க. அப்புறம் மெல்லமா வடிஞ்சுது.

இதுல ஒண்ணக் கவனிக்கோணும் நீங்க. நான் ஓடி வந்து பாக்கறப்ப நங்கையா என்ன பண்ணிட்டிருந்தாங்க தெரியுமா? சோப்புப் போட்டுப் பையனக் கழுவிட்டிருந்தாங்க! மூஞ்சி, கழுத்து, கையி, எல்லாத்தையும் பரபரன்னு. நான் தேச்ச எண்ணெ பூராப் போயிருச்சு. புள்ள உசுருக்குத் துடிக்கறப்ப ஆராச்சும் சோப்புப் போடுவாங்களா? பின்ன கேட்டா, ‘எரியுது அத்தை, எரியுது அத்தைன்னு அழுதான், அதுதான் கழுவி உட்டேன்’ங்கறாங்க. எனக்குத் தெரியாதா? வாயில இருந்த முட்டை வாசத்தக் கழுவியிருக்கறாங்க. தடயத்த அழிக்கற வேலை!

முட்டைன்னு எப்பிடித் தெரியும்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் நான் மொதல்ல போனது குப்பைக் கூடைக்குத்தான். கிண்டிப் பாத்தேன். பேப்பர்ல சுத்தி, அடியில அமுக்கி வெச்சிருக்குது முட்டை ஓடு! நான் முட்டை ஒடைக்கறதே இல்லியே எங்கூட்ல? கொண்டு போயி நங்கையா மூஞ்சிக்கு முன்னால நீட்டுனேன். பொய் சொல்லுவாங்கன்னு பாத்தா, தைரியமா ஒத்துக்கறாங்க. ‘ஆமா அம்மிணி, ஊட்ல இருந்து அவிச்சுக் கொண்டாந்து காத்தாலயே குடுத்தேன். எப்ப வந்தாலுங் குடுப்பேன். எலும்பும் தோலுமா நின்னுட்டு, அத்தை முட்டை வெச்சிருக்கியான்னு கேக்கறான், எனக்கு மனசு கேக்கல. இத்தனை நாளாக் குடுத்திருக்கறேன், ஒண்ணும் ஆனதில்ல’ங்கறாங்க.

கேட்டீங்களா? இத்தனை நாளா! ஒரு தடவ பண்ணுன தப்பக் கேட்டா, பல தடவ பண்ணிருக்கறேன்னு சொல்றாங்க. அதுல ஒரு பெருமை வேற. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். ‘எம்புள்ளையக் கொல்லப் பாத்தவ எங்கூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது, போடி’ன்னு சொல்லிப்போட்டேன். வயசுல மூத்தவங்க, நங்கையா மொறை, ‘போடி’ன்னு சொல்லியிருக்கக் கூடாதுதான். சொன்னேன். அவங்க செருப்பப் போட்டுட்டு நடந்தாங்க. பையன் ‘அத்தை, அத்தை’ன்னு வாசல் வரைக்கும் போனான். அன்னிக்கோட சரி.

மறுநாளு காட்டப் போனப்ப அந்த ஊசி போட்ட டாக்டரு என்ன சாப்புட்டான்னு கேட்டாரு, முட்டைன்னு சொன்னோம். அதுக்கப்புறம் ஒரு பருக்கை முட்டை அவன் வாயில படல. படல, ஆனாலும் சனிக்கெழமை தடிப்பு நிக்கல. முன்ன அளவுக்கு இல்ல, லேசாத்தான். பழைய முட்டை ஒடம்புல ஊறிக் கெடக்குதல்லங்க, அது அத்தனை சீக்கிரத்துல போயிருமா?

இப்ப கதை எங்க வந்து நிக்குதுன்னா, வர்ற புதங்கெழமை நங்கையா மகளுக்குத் தெரட்டிச் சீரு. வயசுக்கு வந்த புள்ளைக்குத் தாய்மாமன் போயி மாலை போடாமச் சீரு நடக்குமா? எங்கூட்டுக்காரரு ஒரே தம்பி. போகவே கூடாதுன்னு நின்னுட்டேன். மனுசன் சோறு திங்க மாட்டீங்கறாரு. நேத்து அவரு சொன்னாரு: ‘நாளைக்கு டாக்டரு முன்னால முட்டை குடுத்துப் பாக்கறாங்க. ஒத்துக்கலைன்னா நான் சீருக்குப் போகல, அக்காவையே மறந்தர்றேன். ஒத்துக்கிச்சுன்னா, சீர்த்தட்ட நீதான் தூக்கிட்டு மொதல்ல நடக்கோணும். தப்பு எம்மேலதான் நங்கையான்னு சபையில சொல்லோணும்.’ சரின்னு கையடிச்சுக் குடுத்துட்டேன். எனக்கென்ன பயம்? முட்டைதான்னு எனக்குத் தெரியுமே.

அதுக்கோசரம் எம்பையனுக்கு ஏதாச்சும் ஆகோணும்னு நெனைக்கறனா? சேச்சே. அப்பிடியெல்லாம் இல்லீங்க. ஆகக் கூடாது. ஆகாமயும் இருக்கக் கூடாது. லேசா, ஊசி போடற அளவுக்கு இல்லாம, நாலே நாலு தடிப்பு வந்தாப் போதும். என்ன பேச்சு பேசறேன் பாருங்க. வாய்க்கு வந்ததெல்லாம் வருது. காத்தாலயிருந்து ஒண்ணும் திங்கலைங்க, அதுதான்.

இந்த டாக்டரம்மா கேக்கற கேள்வியே ஒரு தினுசா இருக்குது. போன தடவ கையில மருந்துச் சொட்டு வரிசையா வெச்சு, ஊசியில லேசாக் கீறிப் பாத்தாங்க. முட்டைக்குச் சின்னதாத்தான் எந்திரிச்சுது. ‘இதுவும் சந்தேகந்தான், சாப்புட வெச்சுப் பாத்தாத்தான் முடிவாத் தெரியும். நிறுத்தி வெச்சிருந்தத நீங்களா ஊட்ல குடுத்துப் பாக்கக் கூடாது, இங்கதான் குடுக்கோணும்’ன்னாங்க. அப்புறம் ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. கடலை திங்கறானா? மீனு திங்கறானா? எள்ளு திங்கறானா? எள்ளு வாயிலயே வெக்க மாட்டானுங்கன்னேன். நெசந்தான? எங்கப்பா எள்ளுருண்டை கொண்டாந்தப்ப நாக்குல வெச்சதுந் துப்பிப்போட்டு, நாக்கத் துணியில தொடைச்சுட்டே இருந்தான். அத்தனை நாக்கு நீளம். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெ ஊத்துனாக் கூடத் தொட மாட்டான். திங்காததப் பத்தி என்ன பேச்சுன்னு டாக்டரம்மாவும் உட்டுட்டாங்க.

மேலுக்கு என்ன போடறீங்கன்னு கேட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்த க்ரீமுதானுங்கன்னு சொன்னேன். எண்ணெயப் பத்தி நான் மூச்சு உடல. எதுக்குச் சொல்லோணும்? டாக்டருங்களுக்கு நம்ம பழக்கவழக்கம்னாலே எளக்காரம். நிறுத்துன்னுருவாங்க. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு உட்டுப்போயிரும். அதுமில்லாம இங்க திங்கறதப் பத்தித்தான ஆராய்ச்சி? தேய்க்கறதப் பத்தியா?

இன்னிக்கு மேலுல ஒண்ணுமே போடாம, சுத்தமாக் குளுப்பாட்டிக் கூட்டிட்டு வரச் சொல்லி நர்சு போன்ல சொல்லிருச்சு. அதனால எண்ணெ வெக்கல. புள்ள பொறந்ததுல இருந்து எண்ணெ வெக்காத மொத சனிக்கெழமை இதுதான். எனக்கு மனசே இல்ல. ஊட்டுக்குப் போனதும் தேச்சு உட்டரலாம். கோயமுத்தூர் வர்றமே, எதுக்கும் இருக்கட்டும்னு பாட்டிலப் பையிலயே கொண்டாந்துட்டேன். பாருங்க, இதா. மூடியத் தெறந்து மோந்து பாருங்க. கருப்பட்டி வாசம் அடிக்குதல்ல? கடையில இப்பிடிக் கெடைக்குமா?

உங்க பாப்பாவுக்கு ரெண்டு சொட்டு வெச்சு உடட்டுமா? கன்னம் எப்பிடி வறண்டு வெடிச்சுக் கெடக்குது பாருங்க. அட, எதுக்குங்க புள்ளைய அந்தப் பக்கம் திருப்பறீங்க? நான் என்ன முட்டையா குடுக்கறேன்? எண்ணெதானுங்க.

என்ன கேட்டீங்க?

அன்னிக்கும் தேச்சனான்னா? அன்னிக்குச் சனிக்கெழமைல்லங்க, தேய்க்காம இருப்பனா? அதுதான் சொன்னனே, தேச்சு வெச்சுப்போட்டுத்தான் தண்ணி காய வெக்கப் போனேன். ஆமா, நங்கையா வராத சனிக்கெழமையுந் தேச்சேன். எல்லாச் சனிக்கெழமையுந்தான். இதென்னங்க கேள்வி, போலீசுக்காரங்க கேக்கற மாதிரி? பாருங்க, உங்களையும் ஆராச்சும் நங்கையா பக்கத்துல இருந்து அனுப்பிச்சு உட்டாங்களோன்னு எனக்குத் தோணுது. சும்மா சொன்னேன். கோவிச்சுக்காதீங்க.

கதவு தெறக்குது. இருங்க, இருங்க. அவரு வர்றாரு. போன் பேசிட்டே வர்றாரு. ஆருகிட்டப் பேசறாரு? ‘அக்கா’ங்கறாரு. ஏனுங்க அழுகறீங்க? ஐயோ, புள்ளைக்கு என்னாச்சு? சிரிச்சுட்டே அழுதா நான் என்னன்னு எடுத்துக்கறது? சொல்லித் தொலைங்க!

முழு முட்டையா? முழுசையுந் தின்னுட்டானா? ஒரு தடிப்புக் கூட இல்லியா? நல்லாப் பாத்தீங்களா, முதுகுல? காதுக்குப் பின்னாடி?

என் சாமீ. என் தங்கமே, எங்க அவன்? கேட்டீங்களா அம்மிணி, எம்பையன் முழு முட்டை தின்னிருக்கறான்! ஒண்ணும் ஆகல! மகராசனா இருக்கோணும். நாளையிலயிருந்து தெனைக்கும் அவிச்சுக் குடுக்கறேன். சரி, சரி, அவரு பாக்கறாரு. வாக்குன்னா வாக்குத்தானுங்க. தட்டு நானே தூக்கறேன். ‘தப்பு எம்மேலதான் நங்கையா’ன்னு சொல்லிப்போடறேன், போதுமா? போன வெக்காதீங்க, சொல்லுங்க அக்காகிட்ட.

ஆனா ஒண்ணு. முட்டை இல்லைன்னா, அன்னிக்கு எம்பையன் மூஞ்சி எதனால வீங்குச்சு? அத ஆராச்சுஞ் சொல்லுங்க பாக்கலாம். காத்துல வந்துச்சா? ஏதோ ஒண்ணு அவன் மேல பட்டிருக்குதல்லோ? நம்ம கண்ணு முன்னாலயே எதுவோ இருந்திருக்குது. ஆரோ அதக் கொண்டாந்திருக்கறாங்க. நான் உட மாட்டேன், கண்டுபுடிக்காம உட மாட்டேன்.

அதா வந்துட்டான் பாருங்க, வாயோரத்துல மஞ்சக்கரு! வா சாமி, ஓடி வா, அம்மாகிட்ட வா.

ஏன் கண்ணு நின்னுட்ட? வா. எதுக்கு டாக்டரம்மா பின்னாடி போயி ஒளிஞ்சுக்கற? அம்மா அடிக்க மாட்டேன். இதுக்கா பயப்படற? அட, பாட்டிலு சாமி, எண்ணெப் பாட்டிலு. எதுக்கு இப்பிடி அழுகற? முழு முட்டையத் தின்னவன் இதுக்கு அழுகலாமா? ‘கடிக்கும், வேண்டாம்மா’ங்கறான் பாருங்க. எப்பவும் இப்பிடித்தானுங்க டாக்டரம்மா, இதக் கண்டாலே ஓடுவான்.

என்னதுங்க? இதுங்களா? ஒண்ணுமில்லைங்க, வெறும் நல்லெண்ணெ. எள்ளுதாங்க, வேறெதுல ஆட்டுவாங்க? சனிக்கெழமை சனிக்கெழமை மேலுக்குத் தேய்ப்பேன். ஆமாங்க, புண்ணு மேலயுந்தான். எதுக்கு மூடிய மூடச் சொல்றீங்க? கைய எதுக்குக் கழுவோணும்?

ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க? ஏனுங்க அம்மிணி, நீங்களுமா? என்னங்க, நீங்களாச்சுஞ் சொல்லுங்களே, அந்த போன வெச்சுப்போட்டு.

இது திங்கறதுக்கு வெச்சது இல்லீங்க. எங்கப்பா நின்னு ஆட்டுனதுங்க.